கடைசிப் பக்கம் வரை போனீர்களா? புத்தகப் பட்டியல் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

‘இந்த மாதம் வந்த நல்ல நூல்கள்’, ‘இந்த ஆண்டு தவறவிடக் கூடாத புனைவுகள்’, ‘கட்டாயம் படிக்க வேண்டிய பத்துக் கட்டுரை நூல்கள்’ என்றெல்லாம் நாளிதழ் இணைப்புகளிலும் வார இதழ்களிலும் காணொளிகளிலும் பட்டியல் போடும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பட்டியல்களை நம்பி நூல்களைத் தேடிப் போகிற ஒரு வாசகர் எழுதும் கடிதம் இது. சண்டை பிடிக்க எழுதவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதுமில்லை.

2025 மே 18 அன்று சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு ஒரு கோடைகால வாசிப்புப் பட்டியல் வந்தது. பதினைந்து நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், கூடவே இரண்டு வரிப் பாராட்டு. ஆசிரியர்கள் எல்லாரும் நிஜமானவர்கள். இசபெல் அயெந்தே, ஆண்டி வியர் போன்ற பெரிய பெயர்கள். நூல்களில் பத்து மட்டும் உலகத்திலேயே இல்லை. மீதி ஐந்தும் உண்மையானவை, ஆனால் வெளிவந்து பல வருஷம் ஆனவை. கிங் ஃபீச்சர்ஸ் என்ற நிறுவனம் தயாரித்து இதழ்களுக்குக் கொடுத்த இணைப்பு அது. எழுதியவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்கியதைச் சரிபார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டார். ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழும் அதை வெளியிட்டது.

எல்லாரும் இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தோம். எனக்கு உறுத்தியது வேறொன்று. அயெந்தே எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்த இல்லாத நாவலுக்கான குறிப்பில் ஒரு கடலோர ஊர் வருகிறது. பல தலைமுறை கண்ட ஒரு குடும்பம், உயர்ந்துகொண்டே வரும் கடல் மட்டம், புதைந்து கிடந்த ரகசியங்கள். இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றுகிறதல்லவா? அந்தப் பதினைந்து குறிப்புகளையும் வரிசையாக வைத்தால், எது இருக்கிற நூல், எது இல்லாத நூல் என்று குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இந்த நடையை இயந்திரம் சுயமாகக் கண்டுபிடிக்கவில்லை. பல்லாண்டுகளாக எழுதிக் குவிக்கப்பட்ட பட்டியல்களைப் பார்த்துப் பழகியது. புத்தகமே இல்லாமல் ஒரு பரிந்துரையை எழுத முடிகிறது என்றால், புத்தகம் இருக்கும்போதும் அதைத் திறக்காமலே எழுதிவிட முடியும் என்றுதானே பொருள்?

ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீங்கள் சிபாரிசு செய்யும் நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா?

உங்கள் நெருக்கடி புரியாமல் கேட்கவில்லை. பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள், நூல் கடைக்கு வரச் சில மாதங்கள் இருக்கும்போதே முன்படிகளை அனுப்பிவிடுகின்றன. அவற்றின் அட்டையிலேயே ‘திருத்தப்படாத படி, மேற்கோள் காட்டும் முன் அச்சு நூலோடு ஒப்பிடவும்’ என்ற எச்சரிக்கை இருக்கும். வெளியீட்டு நாள் அமெரிக்காவில் பெரும்பாலும் செவ்வாய், பிரிட்டனில் வியாழன். அந்த வாரம் எழுதினால்தான் செய்தி. அடுத்த வாரம் அடுத்த குவியல் வந்துவிடும். கடைக்காரர்களுக்கும் அவசரம்தான். விற்காத படிகளைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் வேரூன்றியது. இன்றும் நடப்பில் இருக்கிறது. சில வாரங்களில் நகராத நூல் முன்மேசையிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து கிடங்குக்கும் போய்விடும். இத்தனை பேர் ஓடும்போது நீங்கள் மட்டும் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க முடியாது என்பீர்கள். சரி. அப்படியென்றால் படிக்காததைப் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம்?

ஜனவரியில் வருகிற ‘ஆவலோடு எதிர்பார்க்கும் நூல்கள்’ வகைப் பட்டியல்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவை அறிவிப்புகள். யார் என்ன எழுதியிருக்கிறார், எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள உதவுகின்றன. சிக்கல், அதே வாசகங்கள் மார்ச்சில் ‘பரிந்துரை’ என்ற தலைப்பில் மறுபடி வருவதிலும், நவம்பரில் ‘ஆண்டின் சிறந்தவை’ என்று பட்டம் கட்டிக்கொள்வதிலும் இருக்கிறது. நவம்பரில் ஆண்டு முடிந்துவிடுகிறதா என்பது தனிக் கேள்வி. டிசம்பரில் நூல் வெளியிடும் எழுத்தாளர் எந்த ஆண்டில் சேர்த்தி என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

ஒரு நூலைப் பற்றி வாசகருக்கு எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்குத் தமிழில் ஒரு பட்டியல் எப்போதோ போடப்பட்டுவிட்டது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில், பாயிரத்தில், அதாவது முன்னுரையில், இருக்க வேண்டியவை எட்டு என்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இன்றைய பரிந்துரைக் குறிப்புகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் கட்டாயம் இருக்கும். நுதலிய பொருள், அதாவது நூல் பேசும் விஷயம், முதல் இரண்டு அத்தியாயம் வரைக்கும் இருக்கும். பயன் என்ற இடத்தில் ‘உங்களை உலுக்கும்’ என்று போட்டிருக்கும். மற்றவை காணாமல் போயிருக்கும்.

வழி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூலா, வழி நூலா, சார்பு நூலா என்பது அன்றைய கேள்வி. கட்டுரை நூல்களுக்கு இதைவிடத் தேவையான கேள்வி இன்றும் இல்லை. ஒருவர் ஆவணக் காப்பகங்களில் இருபது வருஷம் உட்கார்ந்து தோண்டி எடுத்ததை இன்னொருவர் சுவையாகச் சுருக்கி எழுதுகிறார். இரண்டாவது நூலும் நல்ல நூலாக இருக்கலாம். பல சமயம் வாசிக்க அதுதான் சுகமாக இருக்கும். ஆனால் எது தோண்டியது, எது சுருக்கியது என்று உங்கள் குறிப்பில் ஒரு சொல் இருந்தால், முதலாமவரையும் தேடிப் போகிற வாசகர் நாலு பேராவது இருப்பார்கள். பின்னிணைப்பில் குறிப்புகள் உண்டா, சொல்லடைவு உண்டா, மூலச் சான்றுகளை ஆசிரியர் நேரில் பார்த்தாரா, பிறர் நூல்களிலிருந்து எடுத்தாரா? நூலைப் புரட்டினாலே கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயங்கள் இவை. ஒரு பட்டியலிலாவது ‘இந்த நூலில் சொல்லடைவு இல்லை, எரிச்சலாக இருக்கிறது’ என்று படிக்க எனக்கு ஆசை.

எல்லை என்பது அன்று நூல் வழங்கும் நிலத்தைக் குறித்தது. இன்று அதை, நூல் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மனித குலத்தின் முழு வரலாறு என்று அட்டையில் இருக்கும். உள்ளே இரண்டு கண்டங்கள்தான் இருக்கும். கேட்போர் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். எல்லாரும் படிக்க வேண்டிய நூல் என்று ஒன்று இதுவரை எழுதப்படவில்லை. துப்பறியும் கதை விரும்பி வாங்கியவர் கையில், குற்றத்தைச் சாக்காக வைத்து எழுதிய தத்துவ விசாரத்தைக் கொடுத்தால் இருவருக்கும் நஷ்டம்: வாசகருக்குப் பொழுது போச்சு, நூலுக்கு ஒரு பகையாளி சேர்ந்தார். ‘இன்னாருக்கு இது ஒத்துவராது’ என்று எழுதுவது நூலுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றங்களும் சொல்லியிருக்கிறார். அவற்றில் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு புதிய நூல்களைப் படித்தால் போதும். மிகைபடக் கூறல்: இதழில் நீண்ட கட்டுரையாக வந்து பேர் வாங்கிய விஷயத்தை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பது. கூறியது கூறல்: முன்னுரையில் சொன்ன ஒரே கருத்தை ஒவ்வொரு அத்தியாயத்திலும் புது உதாரணத்தோடு திரும்பச் சொல்வது. இந்த இரண்டும் கட்டுரை நூல்களின் சொத்து. மூன்றாவது, சென்று தேய்ந்து இறுதல். அமர்க்களமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, எப்படி முடிந்தது என்றே தெரியாமல் முடிவது. புனைவுகளில் இது அதிகம். காரணமும் இருக்கிறது: ஆங்கிலப் பதிப்புலகில், எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் முகவரிடம் முதலில் போவது பெரும்பாலும் தொடக்க அத்தியாயங்கள்தான், பொதுவெளியில் இலவசமாகப் படிக்கத் தருவதும் அவைதான். செதுக்கும் உழைப்பெல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. தேய்வதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கடைசி வரை போவதுதான். அதனால்தான் என் கேள்வியை அங்கே வைத்தேன். ‘நடுவில் தொய்கிறது, ஆனாலும் கடைசி நாற்பது பக்கத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரியை எந்த இயந்திரத்தாலும், புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தவராலும் நேர்மையாக எழுத முடியாது.

கட்டுரை நூல்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அச்சில் வந்துவிட்டால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று வாசகர் நினைக்கிறார். உண்மை நிலை அப்படி இல்லை. சில பெரிய இதழ்களில் தகவல் சரிபார்ப்புக்கென்றே ஆட்கள் உண்டு. நூல் பதிப்பகங்களில் பெரும்பாலும் கிடையாது. தகவல்களுக்குத் தானே பொறுப்பு என்று ஆசிரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார், அவ்வளவுதான். 2019-இல் அமெரிக்க எழுத்தாளர் நயோமி வுல்ஃப் தன் புதிய வரலாற்று நூலைப் பற்றிப் பேச பிபிசி வானொலிக்குப் போனார். பழைய லண்டன் நீதிமன்றப் பதிவுகளில் இருந்த ஒரு சட்டத் தொடரைத் தூக்குத் தண்டனை நிறைவேறியதாக அவர் புரிந்துகொண்டிருந்தார். உண்மையில் அது தண்டனை நிறைவேற்றப்படாத வழக்குகளைக் குறிப்பது என்று பேட்டி எடுத்தவர் நேரலையிலேயே எடுத்துச் சொன்னார். அமெரிக்கப் பதிப்பகம் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, பிறகு கைவிட்டது. பல கட்டம் தாண்டி வந்த நூலில் இருந்த பிழையை, மூலத்தைத் தேடிப் பார்த்த ஒரு வாசகர் பிடித்தார். எல்லாரும் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நூலின் மிகத் தைரியமான ஒரு வாதத்தை மட்டும் எடுத்து, அதற்கான பின்குறிப்பைத் திறந்து, அங்கே உண்மையிலேயே சான்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நீங்கள் அதைச் செய்தால் உங்களை நம்புகிற ஆயிரம் பேருக்குச் செய்ததாகும்.

பின்னட்டைப் பாராட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூலாசிரியர் எவ்வளவு பெரிய ஆளானாலும் ‘தான் தற்புகழ்தல் தகுதி அன்றே’ என்கிறது நன்னூல். அதனால் நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரத்தை மற்றவர்தான் எழுத வேண்டும். யார் அந்த மற்றவர்? அவருடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். எழுநூறு எண்ணூறு வருஷம் கழித்து இன்றைய பின்னட்டைகளைப் பார்த்தாலும் பட்டியல் ஏறக்குறைய அதேதான்; எழுத்துப் பயிற்சி வகுப்பின் ஆசிரியர், வகுப்புத் தோழர், அதே முகவரின் இன்னொரு எழுத்தாளர். முனிவர் ஒளிக்காமல் சொன்னார், நாம் ஒளித்துச் செய்கிறோம். சைமன் அண்டு ஷுஸ்டர் பதிப்பகத்தின் தலைமைப் பிரிவு, இப்படிப் பாராட்டு வாங்கி வரும்படி எழுத்தாளர்களை இனிக் கட்டாயப்படுத்துவதில்லை என்று 2025 தொடக்கத்தில் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் நீங்கள் அந்தப் பின்னட்டை வாசகங்களையே வெட்டி உங்கள் குறிப்பில் ஒட்டினால் அந்த அறிவிப்பால் எங்களுக்கு என்ன லாபம்? வாங்கும் பொத்தானை ஒருவர் சொடுக்கினால் உங்களுக்குத் தரகு வரும் என்றால், அதையும் பட்டியலின் தலைமாட்டில் போடுங்கள். தரகு வாங்குவது தப்பில்லை. கடைசியில் பொடி எழுத்தில் போடுவதுதான் தப்பு.

அடுத்து, புதிது எது என்ற விவகாரம். 2025-இல் இலக்கிய நோபல் பெற்ற லாஸ்லோ க்ராஸ்னஹோர்க்கையின் முதல் நாவல் ஹங்கேரிய மொழியில் வந்தது 1985-இல். ஆங்கிலத்தில் வந்தது 2012-இல். இருபத்தேழு வருஷம் கழித்து அது ஆங்கில வாசகருக்குப் ‘புதிய நூல்’ ஆனது. 2025-இல் பன்னாட்டு புக்கர் பரிசு வாங்கிய பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் 1990 முதல் 2023 வரையான காலத்தில் எழுதப்பட்டவை. தீபா பஸ்தி மொழிபெயர்த்த பிறகுதான் உலகப் பட்டியல்களில் அவை இடம்பிடித்தன. ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைத்ததும் அதுவே முதல் முறை. இந்த விருதின் 50,000 பவுண்டு எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. நன்னூல் யாப்பை, அதாவது நூலை ஆக்கும் முறையை, நான்காகப் பிரிக்கும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்தே எண்ணுகிறது. உங்கள் பட்டியல்களிலோ மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. அட்டையில் அவர்கள் பெயரைப் போடச் சொல்லி 2021-இல் மொழிபெயர்ப்பாளர் ஜெனிஃபர் கிராஃப்டும் நாவலாசிரியர் மார்க் ஹாடனும் ஒரு திறந்த மடல் எழுதினார்கள், நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பதிப்பகங்கள் மெல்ல மாறுகின்றன. பட்டியல்காரர்களுக்கு மாற ஒரு நிமிஷம் போதுமே? பெயரோடு, மூலம் எந்த ஆண்டு வந்தது என்பதையும் போடுங்கள். 1985-இல் எழுதிய நாவலை இன்றைய அரசியலுக்கான எதிர்வினை என்று வர்ணிக்கும் அபத்தமாவது குறையும்.

இனி எல்லாவற்றிலும் பெரிய குறை. நீங்கள் ஒரு முறை சொன்ன நூலைப் பற்றி மறுபடி பேசுவதே இல்லை. சென்ற வருஷம் நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய நூல்களில் எத்தனை இப்போதும் உங்கள் நினைவில் இருக்கின்றன? புக்கர் பரிசுக்கு ஐந்து நடுவர்கள் சில மாதங்களில் 150-க்கும் மேற்பட்ட நூல்களைப் படிக்கிறார்கள். நெடும்பட்டியலுக்கு வந்தவற்றை இரண்டாம் முறை படிக்கிறார்கள்; குறும்பட்டியலுக்கு வந்தவற்றை மூன்றாம் முறை. முதல் வாசிப்பில் மின்னிய நூல் இரண்டாம் வாசிப்பில் மங்கிப்போவதும், முன்பு கண்ணில் படாத நூல் மேலேறுவதும் அங்கே நடக்கும். உங்களை நான் மூன்று முறை படிக்கச் சொல்லவில்லை; சொன்ன நூலைப் பற்றி ஒரு முறை திரும்பிப் பேசினால் போதும்.

திரும்பிப் பேசுவது எப்படி என்பதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியைப் பார்க்கலாம். ஒரு போதை மீட்பு அனுபவ நூலை 2005-இல் தன் வாசகர் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார். விற்பனை எங்கோ போனது. 2006 ஜனவரியில், அதில் பல பகுதிகள் இட்டுக்கட்டியவை என்று அம்பலமானது. முதலில் அவரும் நூலாசிரியருக்குப் பரிந்துதான் பேசினார். பிறகு அதே மாதக் கடைசியில் அவரைத் தன் நிகழ்ச்சிக்கே வரவழைத்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார். தன் பக்கத் தவறையும் பார்வையாளர்களிடம் ஒத்துக்கொண்டார். பணத்தைத் திரும்பக் கேட்ட வாசகர்களுக்கு அமெரிக்கப் பதிப்பகம் அதைக் கொடுத்தது. அவ்வளவு நாடகம் உங்களுக்கு வேண்டாம். ‘போன வருஷம் இதைச் சொன்னேன், இப்போது மறுபடி படித்தேன், அவ்வளவு இல்லை’ என்று இரண்டு வரி எழுதினாலே நாங்கள் அடுத்த பட்டியலை இன்னும் நம்பிப் படிப்போம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘ஸ்டோனர்’ 1965-இல் வந்தபோது இரண்டாயிரம் படிகள்கூட விற்கவில்லை. விரைவில் அச்சிலிருந்தும் போய்விட்டது. 2006-இல் நியூயார்க்கில் மறுபதிப்பு வந்தது. மெல்ல மெல்ல மொழிபெயர்ப்புகள் பரவி, 2013-இல் ஐரோப்பாவெங்கும் அதிகம் விற்கும் நூலானது. ஆசிரியர் 1994-லேயே காலமாகிவிட்டார். வெளியீட்டு வாரத்தில் கவனம் கிடைக்காத நூலுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்க ஐம்பது வருஷம் ஆக வேண்டியதில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ள பத்துப் பேர் இருந்தால் போதும்.

கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு நூலின் கீழும், படித்தது முன்படியா அச்சு நூலா, முழுதாகவா பாதியா என்று ஒரு வரி. யாருக்கு ஒத்துவராது என்று ஒரு வரி. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் மூலத்தின் ஆண்டும். டிசம்பர் பட்டியலுக்குக் கீழே, முந்தைய டிசம்பரில் நீங்கள் போட்ட பட்டியலும், அதில் எவையெவை இப்போதும் நிற்கின்றன என்ற உங்கள் கருத்தும். இதனால் ஐம்பது நூல்கள் ஏழாகக் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். எங்களாலும் வருஷத்துக்கு ஐம்பது படிக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த பட்டியலுக்காகக் காத்திருக்கும்
ஒரு வாசகர்